நடக்க

நாவலப்பிட்டியில் மழை விட்ட ஒரு போயா நாள்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மூன்று வருஷம் தகரம் மறைத்திருந்த பூங்காவைத்
திறந்துவிட்டார்கள்.
முதல் மாதம் டிக்கெட் இல்லை.

நான் வந்தது பூப் பார்க்க அல்ல,
நான் செய்த பலகையைப் பார்க்க.
ஹிதாயத் முதலாளியின் பெனர் கடையில்
எழுத்துக் கோர்ப்பவள் நான்.
கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, டியூஷன் வகுப்பு,
தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம்.
ஊரின் சந்தோஷமும் சாவும்
என் விரல் வழியாகத்தான் சுவர் ஏறும்.

எல்லாம் பழையபடியே என்றார்கள் நகரசபையில்.
எந்தப் பழையபடி?
ரயில் வந்த காலத்தில்
தொரைமார் பேண்ட் வாத்தியம் கேட்ட
அந்தப் பழையபடி.
எட்டு மூலை மேடைக்குப் பச்சை வர்ணம்.
வார்ப்பிரும்பு விளக்குக்குப் புதுக் கண்ணாடி.
கங்கைக்கு இறங்கும் படிகளில்
பாசி சுரண்டிய வெள்ளை.

நடுவில் கிடந்த பழசைத்தான் காணவில்லை:
விறகு லொறிகள் சொட்டிய எண்ணெய்க் கறை,
வெள்ளம் எதுவரை ஏறியதென்று
யாரோ ஆணியால் கீறிய கோடு,
கடைசி பஸ்ஸை விட்டவர்களின்
தலையெண்ணெய் ஊறிய தூண்.

அந்தத் தூணடியில் ஓரிரவு நானும் படுத்திருக்கிறேன்.
கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழி.
ஈரச் சிமெந்தில்
எக்ஸ்ரே உறையை எனக்கு விரித்துவிட்டு
அப்பா விடிய விடிய இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
அவருடைய நெஞ்சுக்கூட்டில்தான்
தலைவைத்துத் தூங்கினேன்.

இப்போது அங்கே
மணமக்கள் படம் எடுக்கிறார்கள்.

பலகை படிக்கட்டுப் பக்கம் நின்றது.
சிங்களத்தில் வேண்டாம்.
ஆங்கிலத்திலும் வேண்டாம்.
தமிழில் மட்டும்
'புற்றரையில் நடக்க.'
அவ்வளவுதான்.
அடுத்த வரிக்கு இறங்கிய 'வேண்டாம்'
சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

வியாழன் இரவு.
கரண்ட் போவதற்குள் வெட்டி முடிக்கும் அவசரம்.
கத்தியின் பிழையா, கையின் பிழையா,
இன்றுவரை நான் என்னிடம் கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பு இலக்கணம் நினைவுக்கு வந்தது.
வாழ்க, வருக, நடக்க.
வியங்கோள்.
வாழ்த்தவும் வரும், வேண்டவும் வரும்.

மேல் டிவிஷனிலிருந்து வந்த ஒருத்தி
கைப்பையும் மூன்று பிள்ளைகளுமாக
பலகை முன் நின்றாள்.
எழுத்தெழுத்தாக வாசித்தாள்.
நம்பாமல் இன்னொரு தரம் வாசித்தாள்.
"கபிஷா, செருப்பக் கழட்டு.
நடக்கச் சொல்லியிருக்காங்க."

கொழுந்துக்கு நடக்கிற கால்,
நிறுவைக்கு நடக்கிற கால்,
எங்கேயும் போகவேண்டாத புல்லில்
முதலில் கொஞ்சம் தடுமாறியது.
சின்னவன் உருண்டான்.
அவனைத் திட்டப் போனவள்
தானும் உட்கார்ந்துவிட்டாள்.

விசில்.
காவலாளி சேனாரத்ன ஓடிவந்து
பலகையைக் காட்டினார்.
அவளும் அதே பலகையைக் காட்டினாள்.
இரண்டு விரலும் ஒரே ஆணியை நீட்டி நின்றன.
பொய் சொன்னது யாருமில்லை.

"நங்கி, இதில என்ன எழுதியிருக்கு?"
என்னிடம்தான் கேட்டார்.
மூன்று பாஷையும் தட்டுகிறவள் நான்.
'வேண்டாம்' நாக்கு நுனிவரை வந்தது.

"புல்லில நடக்கச் சொல்லி எழுதியிருக்கு."

எனக்குத் தெரிந்த அளவில் அது உண்மை.

அவர் தமிழ் வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்,
உறவுமுறை தெரியாத வீட்டுச் சாவில்
நிற்கிற மாதிரி.
விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.
"மழை வந்தா வழுக்கும், சொல்லுங்க"
என்றுவிட்டு நிழலுக்குப் போனார்.

மழை வந்தது.
நாவலப்பிட்டியில் அதற்கென்ன நேரங்காலம்.
மணமக்கள் மேடைக்கு ஓடினார்கள்.
கபிஷாவும் அம்மாவும் பின்னாலேயே ஏறி
புல் ஒட்டிய பாதங்களோடு
புது வர்ணத்தில் சாய்ந்தார்கள்.

திங்கட்கிழமை நகரசபைக்கு பில் போக வேண்டும்.
சொல் குறைந்தால் காசு குறையும்.
முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்தத் துண்டு கடையில்தான் இருக்கிறது.
கூரை ஒழுகுகிற இடத்தில்,
வாளி வழுக்காமலிருக்க
அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.
நீலத்தில் வெள்ளை எழுத்து:
வேண்டாம்.